தோட்டத்தில் பெரிய மூங்கில்: கன்று வாங்குவதற்கு முன்பே தொடங்கும் வேலை

"நட்டு ஆறு மாதமாச்சு, கழி பருக்கவே இல்லையே?" புதிதாக மூங்கில் வைத்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான். நானும் கேட்டவன்தான். பென்சில் தடிமனில் இருந்த குச்சிக்கு உரம் வைத்து, தண்ணீர் ஊற்றி, வாரத்துக்கொரு முறை விரலால் வளைத்து அளந்து பார்த்தேன். கடைசி வரைக்கும் அது பென்சிலாகவே இருந்தது.

மூங்கில் புல் இனம். மரத்தின் அடி ஆண்டுக்கு ஆண்டு பருக்கும். மூங்கில் கழியோ மண்ணை விட்டு எழும்போது என்ன பருமனோ, ஆயுசுக்கும் அதே பருமன். இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் முழு உயரத்தையும் எட்டிவிடும். அதற்குப் பிறகு ஒரு அங்குலம்கூட நெட்டாது. உள்ளுக்குள் கெட்டிப்படும், அவ்வளவுதான். அப்படியானால் முழங்கால் உயரக் கன்று எப்படி 20 மீட்டர் குத்தாக மாறுகிறது? இந்த ஆண்டுக் கழிகளின் இலைகள் தயாரிக்கும் சத்தில் பெரும்பங்கு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் போய்ச் சேர்கிறது. கிழங்கு கொழுத்தால் அடுத்த பருவத்துக் குருத்து இன்னும் கொஞ்சம் பருமனாக வரும். அதன் இலை கூடுதலாகச் சத்துச் சேர்க்கும். இப்படியே ஏறி ஏறி, அந்த வகையின் முழுப் பருமனில் கழி எழுவதற்கு ஏழெட்டு ஆண்டு ஆகலாம்.

"மூங்கில்போல் சுற்றம் முசியாமல்" என்று வாழ்த்துவார்களே, சொன்னவர் மூங்கிலின் அடியைத் தோண்டிப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். மேலே தனித்தனிக் கழிகள். கீழே எல்லாம் ஒரே குடும்பம். இனி நான் சொல்லப்போகும் வேலைகள் எல்லாமே அந்தக் கீழ்க் குடும்பத்துக்கானவை. கண்ணுக்குத் தெரியும் கழிக்கு நீங்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு.

எந்த மூங்கில்?

கன்றின் அழகைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். முதலில் கிழங்கு எப்படிப்பட்டது என்று கேளுங்கள்.

பெரிய மூங்கில்களில் இரண்டு குணம் உண்டு. ஒன்று வாழை மாதிரி. தாய்க்கட்டையை ஒட்டியே பக்கத்தில் கன்று விட்டு, குத்தாக நிற்கும். அதன் கிழங்கு இஞ்சிபோலக் குட்டையானது. சற்றே நகர்ந்து, வளைந்து மேலே திரும்பி, அதுவே கழியாகிவிடும். இன்னொன்று அறுகம்புல் மாதிரி. கிழங்கு மண்ணுக்கடியில் நீளமாக ஓடும். ஓடிய வழியில் கணுவிலிருந்து கழி எழும். நீங்கள் இங்கே நட்டால் நாலு மீட்டர் தள்ளி, பக்கத்து வீட்டுக்காரரின் நடைபாதைக் கல்லைத் தூக்கிக்கொண்டு தலைகாட்டும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஓடும் மூங்கிலை எல்லையோரம் கட்டுப்பாடில்லாமல் நடுவதற்கு எதிராகச் சட்டமே இருக்கிறது. அந்த அளவுக்கு அக்கம்பக்கத்துச் சண்டை.

குத்தாக வளர்பவற்றில் மிகப் பெரியவற்றில் ஒன்று ராட்சத மூங்கில் (டென்ட்ரோகலாமஸ் ஜைஜான்டியஸ்). 30 மீட்டர் வரை போகும், அடிக்கழியின் குறுக்களவு 20 செ.மீ.யைத் தாண்டும். டென்ட்ரோகலாமஸ் ஆஸ்பரும் ஏறத்தாழ அந்தக் கட்டில் வளர்வதுதான். இரண்டுக்கும் விசாலமான இடம் வேண்டும். ஓரளவு இடம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது மஞ்சள் மூங்கில், அதாவது பாம்பூசா வல்காரிஸின் மஞ்சள் கழி ரகம். மஞ்சள் கழியில் தூரிகையால் இழுத்தாற்போலப் பச்சைக் கோடுகள், 10 முதல் 20 மீட்டர் உயரம், வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும் சுபாவம். வறண்ட நிலமென்றால் கல் மூங்கில் (டென்ட்ரோகலாமஸ் ஸ்ட்ரிக்டஸ்). 8 முதல் 16 மீட்டர்தான் வளரும், ஆனால் கழியில் பொந்து மிகச் சிறியது. சிலவற்றில் இருக்கவே இருக்காது. முள் மூங்கிலை (பாம்பூசா பாம்போஸ்) வீட்டுத் தோட்டத்தில் வைக்காதீர்கள். கம்பீரமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அடியில் முள் பின்னிக்கொண்டால் உள்ளே கையை விட முடியாது, கையை விட முடியாத மூங்கிலைப் பராமரிக்கவும் முடியாது.

ஓடும் வகையில் பெரியது மோசோ (ஃபில்லோஸ்டாக்கிஸ் எடுலிஸ்). 20 மீட்டரைத் தாண்டும், சுமார் மைனஸ் 15 டிகிரிக் குளிரையும் தாங்கும். வெப்பநாட்டுக் குத்து மூங்கில்களில் பெரும்பாலானவை உறைபனியில் கருகிவிடும் என்பதால், கடுங்குளிர்ப் பகுதிகளில் ஓடும் வகையைத்தான் நாட வேண்டியிருக்கும். அங்கே தடுப்புச் சுவர் போடாமல் நடவே கூடாது. அதைப் பிறகு சொல்கிறேன். வெப்பமான இடத்தில் இருப்பவர்கள் குத்து வகையோடு நின்றுகொள்வது மனநிம்மதிக்கு நல்லது.

இடம்

நல்ல வெயில் வேண்டும், நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது. மண் எதுவானாலும் சமாளித்துக்கொள்ளும். சற்றே புளிப்பான மண், அதாவது கார அமில அளவு 5.5 முதல் 6.5 வரை இருந்தால் இன்னும் சந்தோஷப்படும். தேங்கி நிற்கும் தண்ணீரைத்தான் அதனால் பொறுக்க முடியாது. முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி நிறையத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் நின்றால் அந்த இடம் வேண்டாம். வேறு இடமே இல்லையென்றால் மண்ணைக் குவித்து மேடாக்கி, மேட்டின் மேல் நடுங்கள்.

சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் குறைந்தது 5 மீட்டர் தள்ளி நடுங்கள். குத்து மூங்கில் ஓடாது என்பது உண்மைதான், ஆனால் பருக்கும். பத்தாண்டில் அடிக்குத்து மட்டுமே 2, 3 மீட்டர் அகலமாகிவிடக்கூடும். அப்புறம் தலைக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். மின்கம்பி போகிறதா? மூங்கில் நுனி நேராக நிற்காது, வில்லாக வளைந்து ஐந்தாறு மீட்டர் வெளியே தொங்கும். மழையில் நனைந்தால் இன்னும் தாழும். இலையும் ஆண்டு முழுவதும் உதிரும், கூரைக் குழாய் அடைத்துக்கொள்ளும். நடும் நாளில் இதையெல்லாம் யாரும் யோசிப்பதில்லை. கன்று கணுக்கால் உயரத்தில் இருக்கும்போது யோசிக்கத் தோன்றாது.

கன்று வாங்குதல்

உயரமான கன்றைத் தேடாதீர்கள். பையின் மண்ணை விரலால் விலக்கி அடியைப் பாருங்கள். கழியின் அடிக்கட்டையில் ஆட்டுக்கொம்பு நுனிபோல மொட்டு தெரிகிறதா, பக்கத்தில் புதுக் குருத்து ஒன்றாவது எழுந்திருக்கிறதா? இருந்தால் கிழங்கு உருவாகிவிட்டது என்று அர்த்தம். வெட்டிய கழித்துண்டில் இலை மட்டும் துளிர்த்து நிற்கும் கன்றும் பிழைக்கும். ஆனால் கிழங்கு கட்டவே அதற்கு மேலும் ஓராண்டு போகும். இடுப்பளவு வெற்றுக் கழியை விட, முழங்காலளவில் மூன்று குருத்து உள்ள கன்றே மேல்.

நண்பர் தோட்டத்திலிருந்து எடுப்பதானால் ஓரிரு வயதுள்ள கழியை அதன் கிழங்கோடு வெட்டியெடுங்கள். கழியை இடுப்புயரத்தில் அறுத்துவிட்டு, கிழங்கின் கழுத்தில் ஒரே வெட்டில் பிரிக்க வேண்டும். வேர் காயாமல் ஈரச்சாக்கில் சுற்றி, அன்றைக்கே நட்டுவிடுங்கள். மஞ்சள் மூங்கிலுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். இரண்டு கணு உள்ள கழித்துண்டை ஈரமண்ணில் படுக்கை வாட்டில் புதைத்தாலே கணுவில் வேர் விடும். எடுக்கும்போது ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: தாய்க்குத்துக்கு எத்தனை வயது? ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நடவு

மழைக்காலம் தொடங்கும்போதோ, குளிர்நாடானால் குளிர் விலகியதும் நடலாம். 60 செ.மீ. நீளம், அகலம், ஆழத்தில் குழி. எடுத்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழுவுரமோ கம்போஸ்டோ கலந்து, பாதிக் குழியை நிரப்புங்கள். கன்று பையில் எந்த ஆழத்தில் இருந்ததோ, அதைவிட இரண்டு விரல் ஆழமாக வைத்தால் போதும். ஆழமாகப் புதைத்தால் உறுதியாக நிற்கும் என்று நினைப்பது தவறு, கிழங்கு மூச்சுமுட்டும். மண்ணை மிதித்து இறுக்கி, நிறையத் தண்ணீர் ஊற்றி, சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த இலை, வைக்கோல் என்று கிடைத்ததைப் பரப்பிவிடுங்கள். ஒன்றுக்கு மேல் நட்டால் இடைவெளி 5 மீட்டர். ராட்சத வகைகளுக்கு 7, 8 மீட்டர்.

தண்ணீரும் தீனியும்

முதல் இரண்டு ஆண்டு, மழையில்லாத வாரங்களில் இரண்டு முறையாவது ஆழமாக நனைய வேண்டும். அளவு என்ன என்று கேட்டால் நான் லிட்டர் கணக்குச் சொல்வதில்லை, இலையைப் பார்க்கச் சொல்வேன். தாகம் எடுத்தால் மூங்கில் இலை நீளவாக்கில் சுருண்டு குழல்போல ஆகிவிடும். உச்சிவெயிலில் சுருண்டு மாலையில் விரிந்தால் பயமில்லை. காலையிலேயே சுருண்டு கிடந்தால் உடனே ஊற்றுங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே இலைகள் கொத்தாக மஞ்சளாகிக் கொட்டினால் நீங்கள் அதிகம் ஊற்றுகிறீர்கள். ஆண்டுக்கொரு முறை புதுத்துளிர் விடும் சமயத்தில் பழைய இலை மஞ்சளாகி உதிர்வது வேறு விஷயம், அது வழக்கம்தான்.

உதிரும் இலையைக் கூட்டி எரித்துவிடாதீர்கள். தன் கழியைக் கெட்டிப்படுத்த மூங்கிலுக்கு மணற்சத்து (சிலிக்கா) வேண்டும், அது அந்த இலைகளில் நிறைய இருக்கிறது. அடியிலேயே கிடந்து மக்கினால் திரும்பக் கிழங்குக்கே போகும். சுத்தமாக இருக்கட்டும் என்று அடியைப் பெருக்கிப் பெருக்கி வைத்த தோட்டங்களில் மூங்கில் சோகை பிடித்து நிற்பதைப் பார்க்கலாம்.

உரமென்றால் புல்லுக்கு என்ன வேண்டுமோ அதுதான்: தழைச்சத்து. குருத்துக் காலத்துக்கு ஒரு மாதம் முன்னால் குத்தைச் சுற்றித் தொழுவுரம் போட்டு, அதன் மேல் மண் அணைத்துவிடுங்கள். இந்த மண் அணைப்பைப் பலர் செய்வதில்லை. குத்து மூங்கிலின் புதுக்கிழங்கு பழையதைவிடச் சற்று மேலேயே உருவாகும் இயல்புள்ளது. சில ஆண்டில் கிழங்குகள் மண்ணுக்கு மேலே பிதுங்கிக்கொண்டு வரும். ஆண்டுக்கு ஒரு சாண் மண் ஏற்றினால் அவை ஈரத்தில் இருக்கும், வேரும் நன்றாகப் பிடிக்கும்.

குருத்துக் காலம்

இதற்காகத்தான் மூங்கில் வைப்பது என்று சொல்வேன். குத்து வகைகள் பெரும்பாலும் வெப்பமும் மழையும் சேர்ந்த மாதங்களில் குருத்து விடும், ஓடும் வகைகள் வசந்தத்தில்.

ஒருநாள் காலையில் மண் லேசாக வெடித்திருக்கும். மறுநாள் அந்த வெடிப்பில் ஒரு கூர்நுனி. மஞ்சள் மூங்கிலின் குருத்து மேல் கரும்பழுப்பு ரோமம் அடர்ந்த மட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகச் சுற்றியிருக்கும். தடவிப் பார்த்தால் ரோமம் விரலில் ஏறி இரண்டு நாள் அரிக்கும், தடவாதீர்கள். விடியற்காலையில் மட்டையின் நுனிகளில் நீர்த்துளி கோத்து நிற்கும். பனித்துளி என்று நினைத்தேன். பக்கத்து இலையெல்லாம் காய்ந்திருக்க, குருத்தின் நுனி மட்டும் நனைந்திருந்தது. கிழங்கு இரவெல்லாம் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றித் தினமும் காலையில் கோடு போட்டுப் பாருங்கள். முதல் வாரம் கோடுகள் நெருக்கமாக இருக்கும். அப்புறம் குச்சி போதாது. சில வகைகள் ஒரே நாளில் 91 செ.மீ. வரை வளர்ந்ததாகப் பதிவு உண்டு. வீட்டுத் தோட்டத்தில் அதில் கால்பங்கு வளர்ந்தாலும் பிரமிப்பாகத்தான் இருக்கும்.

இந்த நாட்களில் குத்துக்குள் கால் வைக்கக் கூடாது. நார் கட்டாத குருத்து வெள்ளரிப்பிஞ்சு மாதிரி. தோள் இடித்தாலே பட்டென்று முறியும். முறிந்த கழி திரும்ப வளராது, அந்த ஆண்டுக்கு அந்தக் கணக்கு முடிந்தது. எலி, முள்ளம்பன்றி, குரங்கு நடமாட்டம் இருந்தால் குருத்தைச் சுற்றிக் கம்பிவலை போடுங்கள். பருவத்தின் கடைசியில் வரும் சில குருத்துகள் முழங்கால் உயரத்தில் நின்று அழுகிவிடும். நோய் என்று மருந்து தேட வேண்டாம். கிழங்கால் எத்தனைக்குத் தீனி போட முடியுமோ அத்தனையைத்தான் வளர்க்கும்; மிச்சத்தைக் கைவிட்டுவிடும்.

20 மீட்டர் உயரம் வேண்டாம், 6 மீட்டர் போதும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. புதுக்கழி கிளை விரித்த பிறகு வேண்டிய உயரத்தில், ஒரு கணுவுக்குச் சற்று மேலே நறுக்கிவிடுங்கள். கீழ்க்கிளைகள் அடர்ந்துகொள்ளும். அந்தக் கழி இனி உயரவே உயராது.

கழித்தல்

முதல் மூன்று ஆண்டு வெட்டவே வெட்டாதீர்கள். காய்ந்தது, ஒடிந்தது மட்டும் விதிவிலக்கு. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் ஆண்டில் கட்டைவிரல் பருமனில் நாலு கழி வந்ததும், "பழைய பென்சில் குச்சிகள் எதற்கு, சத்தெல்லாம் பெரியதற்குப் போகட்டும்" என்று குச்சிகளையெல்லாம் அறுத்துத் தள்ளிவிட்டேன். அடுத்த ஆண்டு கட்டைவிரலைத் தாண்டும் என்று காத்திருந்தால் சுண்டுவிரல் பருமனில் வந்தன. நான் வெட்டியது குச்சியை அல்ல, கிழங்குக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த இலைகளை.

நாலாம் ஆண்டிலிருந்து கதை மாறும். இனி வெட்டாமல் விடுவதுதான் தவறு. முற்றிய கழிகள் நடுவில் நெருக்கியடித்தால் புதுக்குருத்துக்கு வழி கிடைக்காது, வளைந்து நெளிந்து வரும், காற்றும் நுழையாது. மூன்று வயதைத் தாண்டியவற்றை எடுக்க வேண்டும், ஒன்றிரண்டு வயதுள்ளவற்றைத் தொடக் கூடாது. ஏனென்றால் அடுத்த குருத்தை விடுவது இந்த இளங்கழிகளின் கிழங்குதான்.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? புதுக்கழியில் அடிமட்டை ஒட்டியிருக்கும், கணுவுக்குக் கீழே வெள்ளைப்பொடி பூசினாற்போல இருக்கும். இரண்டாம் ஆண்டில் மட்டை விழுந்து பளிச்சென்று இருக்கும். அதற்கு மேல் பளபளப்பு போய், சாம்பல் நிறப் பாசி திட்டுத்திட்டாகப் படரும். இதெல்லாம் பழகிய கண்ணுக்கு. புதியவர்களுக்கு ஒரு சுலப வழி: ஒவ்வொரு பருவம் முடிந்ததும் அந்த ஆண்டுக் கழிகளின் இடுப்பு உயரத்தில் பெயின்டால் ஆண்டின் கடைசி எண்ணை எழுதிவிடுங்கள். நாலு ஆண்டு கழித்து யோசிக்கவே வேண்டாம்.

குருத்துக் காலம் முடிந்து, புதுக்கழிகள் இலை விரித்த பிறகு வரும் வறண்ட மாதங்களில் வெட்டுங்கள். அரிவாளால் கொத்தினால் கழி பிளக்கும், ரம்பமே நல்லது. தரையை ஒட்டிய முதலிரண்டு கணுக்களில் ஒன்றுக்குச் சற்று மேலே அறுக்க வேண்டும். கணுவிடையின் நடுவில் அறுத்தால் குவளை மாதிரி மழைநீர் தேங்கிக் கொசுப்பண்ணையாகும், அடிக்கட்டையும் அழுகும். பெரிய குத்தில் நடுக்கழிகளை எட்ட முடியாது. அதற்கு, குருத்து குறைவாக வரும் பக்கமாக ஒரு வாசல் திறந்து, குதிரைலாட வடிவில் உள்ளே போய்க்கொண்டே முற்றியவற்றை எடுங்கள். ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அறுத்த கழி உடனே விழாது, நுனிகள் பின்னிக்கொண்டிருக்கும். அடியைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். கெட்டிச் செருப்பும் கையுறையும் போட்டுக்கொண்டு, உள்ளே நுழையுமுன் ஒரு கோலால் அடியைத் தட்டிவிடுங்கள். சருகுக்கடியில் பாம்பு தங்கும்.

ஓடும் மூங்கிலுக்கு வேலி

குறைந்தது 1.5 மி.மீ. தடிமனுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் தகட்டை 60 முதல் 75 செ.மீ. ஆழத்துக்கு வட்டமாகப் புதைத்து, மேல்விளிம்பு தரைக்கு மேலே நாலு விரல் தெரியும்படி விடுங்கள். தகடு சற்றே வெளிப்புறம் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் முட்டிய கிழங்கு மேல்நோக்கித் திரும்பும், உங்கள் கண்ணிலும் படும். விளிம்பைத் தாண்டுவதை ஆண்டுக்கு இருமுறை நறுக்குங்கள். கான்கிரீட் சுவர் நாளடைவில் வெடிக்கும், வெடிப்பைக் கிழங்கு கண்டுபிடித்துவிடும். தகடு வேண்டாமென்றால் சுற்றிலும் ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம் எடுத்துத் திறந்தே வைத்து, அதைத் தாண்டப் பார்க்கும் கிழங்குகளை வெட்டலாம். ஒரு ஆண்டு சோம்பேறித்தனம் பட்டாலும் ஓடிவிடும்.

பூச்சி, நோய் என்று பெரிதாகப் பயமுறுத்த ஒன்றுமில்லை. இளங்கன்றைக் கரையான் அரிக்கும். இலையடியில் மாவுப்பூச்சி, அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சியடித்து, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் போதும்.

பூத்துவிட்டால்

தாய்க்குத்தின் வயதைக் கேட்கச் சொன்னேனே. பல மூங்கில்கள் வாழ்நாளில் ஒரே முறை பூத்து, விதைத்து, குத்தோடு செத்துப்போகும். முள் மூங்கிலுக்குச் சுமார் 45 ஆண்டு. ஃபில்லோஸ்டாக்கிஸ் பாம்பூசாய்ட்ஸ் என்ற ஓடும் வகைக்கு 120 ஆண்டு என்கிறார்கள். கிழங்கிலிருந்தோ கழியிலிருந்தோ எடுத்த கன்றுக்குத் தாயின் வயதுதான் கணக்கு. 40 வயதுக் குத்திலிருந்து நீங்கள் கொண்டுவரும் கன்று, உங்கள் தோட்டத்தில் ஐந்தாம் ஆண்டே தாயோடு சேர்ந்து பூத்துவிடலாம். விதையிலிருந்து வந்த நாற்றுக்கு அந்தப் பயமில்லை.

இலை குறைந்து, கிளை நுனியெல்லாம் நெற்கதிர்போலத் தொங்கத் தொடங்கினால் எந்த உரமும் அதை நிறுத்தாது. விதை முற்றி உதிரும்வரை விட்டு, பிறகு காய்ந்த கழிகளை எடுத்துவிடுங்கள். மழை விழுந்ததும் அடியில் நாற்று முளைக்கும். விரல் உயரத்தில், மெல்லிய இலையோடு, பார்ப்பதற்கு அப்படியே புல். களை என்று பிடுங்கிவிடாதீர்கள்.